கல் மினுக்கும் பொறியும் மாரிகால இருட்டும்

செட்டிகுளத்தில் மாரி பிறந்துவிட்டது என்பதை எங்கள் வீட்டில் மூன்று அடையாளங்களால் அறிவோம். முதலாவது, குளக்கட்டுப் பக்கம் தவளைகள் எழுப்பும் ஆரவாரம். இரண்டாவது, காலபோக விதைப்பை முடித்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்க்கும் கமக்காரரின் முகத்தில் தோன்றும் ஆறுதல். மூன்றாவது, விளக்கு இரண்டுமுறை கண்சிமிட்டிவிட்டு அணைந்துபோவது. முதலிரண்டும் நம் முன்னோர் அறிந்தவை. மூன்றாவது மின்சாரம் கற்பித்தது. இக்கட்டுரையில் அந்த மூன்றாவது அடையாளத்தைப் பற்றியும், ஆற்றுக் கல்லை உருட்டி மினுக்கும் ஒரு சிறு பொறியைப் பற்றியும், அப்பொறியினால் என் மருமகனின் உயிர் போகவிருந்த ஓர் இரவைப் பற்றியும் சொல்லப் புகுகிறேன்.

நான் விஞ்ஞானம் கற்பித்து இளைப்பாறிய ஓர் ஆசிரியன். நகைக்கடைக்காரனுமல்லன், இரத்தினபுரி மாணிக்க வியாபாரியுமல்லன். ஆடி ஆவணியில் அருவியாறு வற்றி மணற்றிட்டுகள் தெரியும்போது அங்கே குனிந்து குனிந்து நடப்பது என் பொழுதுபோக்கு. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று ஊரார் முதலில் இரங்கினர், பின்னர் பழகிவிட்டனர். சிங்களத்தில் மல்வத்து ஓயா என வழங்கும் இந்த ஆறு 164 கிலோமீற்றர் நீளமானது. மகாவலிக்கு அடுத்தபடி இலங்கையில் நீண்டது இதுவே. அநுராதபுரத்தைத் தொட்டு, எங்கள் பிரதேசத்தைத் தழுவி, மன்னார்க் கரையில் அரிப்பை அண்டிக் கடலோடு கலக்கிறது. அது வரும் வழியெங்கும் பழம்பாறை. இலங்கையின் பாறைகளை வகுத்த புவிச்சரிதவியலார் அவற்றுள் ஒரு பெரும் பிரிவுக்கு ‘வன்னித் தொகுதி’ என்றே பெயரிட்டுள்ளனர். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள் அவை. வெயிலும் மழையும் அவற்றைத் தின்னும்போது மற்றவை மண்ணாகிவிட, படிகக்கல் மாத்திரம் அழியாது எஞ்சி ஆற்றோடு உருண்டு வருகிறது. வெள்ளை, புகைநிறம், தேன்நிறம், சிற்சில வேளை ரோசா நிறம். கையிலெடுத்து நீர் தொட்டுப் பார்த்தால் உள்ளிருக்கும் அழகு கணநேரம் தெரியும், உலர்ந்ததும் மறைந்துவிடும். அந்தக் கணநேரத்து அழகை நிலைக்கச் செய்வதுதான் மினுக்குதல்.

ஆறு பல்லாயிரம் ஆண்டுகளிற் செய்வதை ஐந்தாறு வாரத்திற் செய்து முடிக்கும் பொறியொன்று உண்டு. மேல்நாடுகளில் அது கடைகளில் விற்பனையாகிறது. சிறுவருக்குப் பிறந்தநாட் பரிசாகவும் கொடுக்கிறார்கள். என்னுடையது அத்தகைய சீமைப் பொருளன்று. வவுனியாவில் ஒரு பட்டறையில், நான் கீறிக் கொடுத்த படத்தின்படி செய்தது. பழைய சலவை யந்திரமொன்றின் மோட்டார். அதிலிருந்து றப்பர் வாரினால் சுற்றப்படும் இரண்டு இரும்புத் தண்டுகள். தண்டுகளின்மேல் படுத்துக்கிடக்கும் ஆறங்குல விட்டமுள்ள பீப்பா. அவ்வளவுதான். பீப்பாவின் உள்ளே கல்லும் தூளும் நீரும். இரவு பகலாக அது உருளும் ஓசையைக் கேட்டுக் கேட்டு என் தங்கை அதற்கு ‘அண்ணையின் ஆட்டுக்கல்’ என்று பெயர் வைத்தாள்.

இதிலே வேகம்தான் சூட்சுமம். நிமிடத்துக்கு நாற்பது முதல் ஐம்பது சுற்று. அதனினும் மிக்க வேகத்திற் சுற்றினால் கற்கள் பீப்பாவின் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், ஒன்றையொன்று தேய்க்கமாட்டா. குறைந்தால் அடியிலேயே சறுக்கிக் கிடக்கும். சுவரோடு சற்று மேலேறி, மண்மேடு சரிவதுபோலச் சரிந்து இறங்க வேண்டும். பீப்பாவில் மூன்றிலிரண்டு பங்கு கல் இருக்க வேண்டியதும் இதனாலேயே. பாதிக்குக் குறைந்தால் கற்கள் சரிவதற்குப் பதிலாக விழுந்து மோதி விளிம்புடைந்து போகும். ஒரு கிலோ கல்லுக்கு நான்கு மேசைக்கரண்டி அளவில் கரடுமுரடான தூள், கற்களின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி நீர். ஒரு கிழமை உருள விட்டால் முனைகள் மழுங்கும். பின்னர் 220 இலக்கத் தூள் ஒரு கிழமை. 500 இலக்கத் தூள் ஒரு கிழமை. கடைசியில் மினுக்குத் தூள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது ஒரு மணித்தூள் கூட ஒட்டியிராதபடி கழுவ வேண்டும். முதற் படியின் ஒரு துணிக்கை கடைசிப் படியில் புகுந்துவிட்டால் ஒரு மாத உழைப்பிலும் கீறல் விழும்.

இந்தத் தூளின் பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1891இல் எட்வேட் அச்சிசன் என்ற அமெரிக்கர் மின்னுலையில் சிலிக்கன் காபைட்டை உண்டாக்கினார். அது காபனும் குருந்தக்கல்லும் சேர்ந்த பொருள் எனத் தவறாக எண்ணி அதற்குக் ‘காபொரண்டம்’ எனப் பெயரிட்டார். ‘கொரண்டம்’ என்ற ஆங்கிலச் சொல்லோ நமது குருந்தத்திலிருந்து போனது. ஆகவே கடைக்காரர் பெட்டியின்மேல் ஆங்கிலத்தில் எழுதி நமக்கு விற்கும் பெயரின் பின்பாதி நம்முடையதே. கடைசிப் படியில் இடும் அலுமினியம் ஒட்சைட்டு குருந்தமேதான். மாணிக்கமும் நீலமும் எந்தப் பொருளோ அந்தப் பொருள். வண்ணமில்லாத மாணிக்கத் தூளால் ஆற்றுக் கல்லைத் துடைக்கிறோம் என்று சொன்னால் என் தங்கை நம்புகிறாளில்லை.

பொறி புதிதாயினும் கலை புதிதன்று. குசராத்தின் கம்பாத்தில் அகேட்டு மணிகளை ஒரு தோற்பையிலிட்டு, குருந்தத் தூளும் நீரும் சேர்த்துக் கட்டி, இருவர் எதிரெதிரே அமர்ந்து காலால் இங்குமங்கும் உருட்டுவது வழக்கமாயிருந்தது. ஒரு பை மணி பளபளக்க இரண்டு வாரம் வரையில் ஆகுமாம். இப்பொழுது அங்கும் மோட்டார் பூட்டிய பீப்பாக்கள் வந்துவிட்டன. பழைய மாதோட்டத்தில், மாந்தை மண்ணில், 1980 முதல் 1984 வரை அகழ்ந்தபோது வெளிவந்த மணிகளுள் சிவந்த கார்னீலியனும் இருந்தது. நம் கரையில் வந்திறங்கிய அம்மணிகளை யாருடைய கால்கள் உருட்டினவோ! ஆனால் கம்பாத்தின் பெயரைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே கல்லை உலர்ந்த நிலையில் அரைத்தவர்கள் படிகத் தூசியைச் சுவாசித்துச் சிலிக்கோசிசு என்னும் நுரையீரல் நோயால் மடிந்திருக்கிறார்கள். பீப்பாவுக்குள் நீரோடு கிடக்கும் கல் தூசி எழுப்பாது. சேறு நிலத்திற் சிந்தி உலர்ந்தபின் அதைத் துடைப்பத்தாற் கூட்டுவது மாத்திரம் கூடாது. ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2025ஆம் ஆண்டு ஐப்பசியில், புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு தாய் பஸ்ஸேறி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பால்மாத் தகரம். அதைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். பதினொரு கற்கள்.

"மாஸ்ரர், இதுகளைக் கொஞ்சம் மினுக்கித் தருவியளோ?"

கற்களின் வரலாற்றை அவர் சுருக்கமாகவே சொன்னார். 2009இல் அவர் தம் மகளோடு மெனிக் பாம் முகாமில் இருந்தவர். அந்த முகாம் எங்கள் செட்டிகுளத்தில் இருந்ததென்பதை வாசகர்க்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. காட்டை வெட்டிப் பரப்பிய அந்த நிலத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒருகாலத்தில் அடைபட்டிருந்தனர்; 2012 செப்ரெம்பரிலேதான் கடைசிக் குடும்பங்கள் வெளியேறி அது மூடப்பட்டது. மெனிக் என்ற சிங்களச் சொல்லுக்கு மணி, மாணிக்கம் என்று பொருள். அப்பொழுது ஏழு வயதாயிருந்த மகள், விளையாட வேறொன்றும் இல்லாமையால், கூடாரங்களுக்கிடையே கொட்டிய சல்லியிலும் ஆற்றோரத்திலும் கல் பொறுக்கினாள். கொத்தங்கல் விளையாடியதும் அவற்றாலேயே. வீடு திரும்பியபோது தாய் எறியச் சொன்னார், மகள் எறியவில்லை. இப்பொழுது மகளுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளையோடு கடல் கடந்து போகிறாள். போகுமுன் அவள் கையில் இவற்றை அழகாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது தாயின் ஆசை.

நான் ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். "பிள்ளை, மினுக்கினால் எடை குறையும், மூலை போகும். மகள் கண்ட வடிவம் இராது." அவர் சிறிது நேரம் யோசித்தார். பின் பதினொன்றில் ஒன்றை, மிகவும் அழகற்ற ஒரு புகைநிறக் கல்லை, எடுத்துத் தம் மடியில் முடிந்துகொண்டார். "இது இருக்கட்டும். மற்றதுகளைச் செய்யுங்கோ."

பத்துக் கல்லால் பீப்பா நிரம்பாது. அதே வன்மையுடைய ஆற்றுக் கற்களைத் துணைக்கு இட்டு நிரப்பினேன். பத்தையும் காகிதத்தில் வைத்து ஓரங்கீறிப் படமும் எடுத்து அடையாளம் வைத்துக்கொண்டேன். பொறி ஓடத் தொடங்கியது.

நான்காம் நாள் இரவு இடியும் மழையும். ஒன்பது மணியளவில் விளக்கு அணைந்தது. எங்கோ மரம் முறிந்து கம்பியில் விழுந்திருக்கும். பின்கொட்டிலில் ஆட்டுக்கல்லின் ஓசையும் நின்றது. மழைக்குள் யார் போவது என்று நான் படுத்துவிட்டேன். என் பிழைகளுள் முதலாவது இதுவே.

பொறி நின்ற பீப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிந்தவன்தான் நான். ஓடும் வரையில் தூளும் கல்மாவும் நீரோடு கலந்து குழம்பாக இருக்கும். நின்றதும் அடியிற் படியும். ஐந்தாறு மணித்தியாலத்தில் அது ஈரச் சீமெந்துபோல இறுகிக் கற்களைக் கவ்விக்கொள்ளும். அப்பொழுது பீப்பாவின் பாரம் முழுவதும் ஒரே பக்கத்திற் கிடக்கும். அந்தப் பாரத்தை முதற் சுற்றில் மேலே தூக்க மோட்டாருக்கு வழக்கத்திலும் கூடிய வலு வேண்டும். ஆனால் நெடுநேரம் நின்ற மின்சாரம் திரும்பும்போது, ஊரிலுள்ள குளிர்சாதனப் பெட்டிகளும் பம்பிகளும் ஏககாலத்திற் புறப்படுவதால், கிராமத்துக் கம்பியின் அழுத்தம் தாழ்ந்தே வரும். 230 வோல்ற்று இருக்க வேண்டிய இடத்தில் 160 இருந்தால் இத்தகைய மோட்டாரின் முறுக்குவலு பாதியாகிவிடும். வலு மிக வேண்டிய வேளையில் வலு பாதி. சுழல முடியாது நிற்கும் மோட்டார் தன் வழமையான மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கை இழுத்துத் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். இவையெல்லாம் நான் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவை. கற்பித்தவன் சுவிச்சை நிறுத்தாமல் உறங்கிக்கொண்டிருந்தான்.

மின்சாரம் திரும்பியது அதிகாலை இரண்டரை மணிக்கு. கொட்டிலை அடுத்த அறையிற் படுத்திருந்த என் மருமகன், தங்கையின் மகன், ஓர் உறுமலையும் றப்பர் கருகும் மணத்தையும் உணர்ந்து எழுந்தான். வெறுங்காலோடு ஓடினான். கூரைத் தகரத்து ஒழுக்கு, பிளக் செருகியிருந்த நீட்டு வயர்ப் பலகையின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பலகை நிலத்திற் கிடந்தது. இருட்டில், புகைக்குள், ஈர நிலத்தில் நின்று, ஈரமான பிளக்கைப் பிடித்து இழுத்தான்.

அவனுடைய அலறலைக் கேட்டு நான் ஓடி வந்தபோது அவன் சுவரோரம் விழுந்து கிடந்தான். மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுத்தான் அவனைத் தொட்டேன்; அந்த ஓர் அறிவாவது அந்நேரம் என்னிடம் இருந்தது. மூச்சு இருந்தது. பேசினான். வலக்கையின் இரண்டு விரல்கள் கருகியிருந்தன. முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதயத் துடிப்பைப் பார்த்தபடி மறுநாள் மாலைவரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

வீட்டில் ட்றிப் சுவிச் இல்லையா என்று வாசகர் கேட்பீர்கள். இருந்தது. 30 மில்லி அம்பியர் அளவு மின்னோட்டம் மனித உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ நிலத்துக்குக் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும் அருமையான சாதனம் அது. முந்திய மாரியில் அது அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. விளக்கும் விசிறியும் நின்று வீட்டார் முறைப்பட்டனர். கொட்டில் வயரைப் பொருத்தினால் விழுகிறது, கழற்றினால் விழவில்லை என்று கண்டுபிடித்த நான், கொட்டிலின் ஈரத்தைத் திருத்தவில்லை. வயரை ட்றிப் சுவிச்சைச் சுற்றி வேறு வழியாகப் பொருத்திக்கொண்டேன். ஒரு வருடமாக அந்தச் சுவிச் எனக்கு உண்மையையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் வாயை அடைத்தவன் நானே.

ஆஸ்பத்திரி வாசலில் தங்கை என்னைப் பார்த்து, "கல்லுக்காக என்ர பிள்ளையைக் குடுக்கப் பாத்தியளோ அண்ணை?" என்று கேட்டாள். அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை.

பொறியை உடைத்து எறிந்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். தடுத்தவன் மருமகன். "மாமா, அந்த அக்காவின்ர கல்லு பத்தும் உள்ளுக்குக் கிடக்கு" என்றான். பீப்பாவைத் திறந்து, நீர் விட்டு விட்டு, மரக்குச்சியால் மெல்லக் கிளறி ஒரு பகல் முழுவதும் இருந்து கற்களை மீட்டோம். இரும்பாற் குத்தியிருந்தால் உடைத்திருப்போம். பத்தும் பழுதின்றி வந்தன. றப்பர் வாரும் மோட்டாரும் போயின.

மின்சாரம் நிற்பதால் வரும் தீங்கு சிறிது. திரும்பி வருவதால் வரும் தீங்கே பெரிது. இதைத் தெரிந்த பின்பு செய்யவேண்டியதைத் தீர்மானிப்பது கடினமாயிருக்கவில்லை. நான் நினையாத ஒரு வழியை எனக்குக் காட்டியவர் எங்கள் அயலிலுள்ள ஒரு கமக்காரர். அவருடைய நீர்ப்பம்பிக்குப் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் உள்ள ஸ்ராட்டர் பெட்டியொன்று உண்டு. பச்சையை அழுத்தினால் உள்ளேயுள்ள மின்காந்தம் இணைப்பை இழுத்துப் பிடிக்கும். மின்சாரம் நின்றால் காந்தம் செத்து இணைப்பு விடுபடும். பின் மின்சாரம் நூறுமுறை வந்தாலும், மனிதன் வந்து பச்சையை அழுத்தும்வரை பம்பி ஓடாது. "கிணத்துக்குள்ள நிண்டு வேலை செய்யேக்குள்ள கறண்ட் வந்தா என்னெண்டு மாஸ்ரர் தப்புறது?" என்று அவர் கேட்டார். நான் ஒரு வாழ்நாள் கற்பித்த பாடத்தின் பயன் அவருடைய பம்பிக் கொட்டிலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதேபோல ஒரு சிறு ஸ்ராட்டரை, மோட்டார் அதிகம் இழுத்தால் தானே வெட்டிவிடும் பாதுகாப்போடு, மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பூட்டுவித்தேன். கொட்டில் வயர் ட்றிப் சுவிச்சுக்குப் பின்னால் திரும்பவும் போய்ச் சேர்ந்தது. பிளக் சுவரில் நெஞ்சளவு உயரத்துக்கு ஏறியது. வயர் பிளக்கை அடையுமுன் சற்றுக் கீழே தொங்கி வளைந்து போகும்படி விட்டோம். வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கூரைத் தகரத்துக்குத் தார் பூசினோம். பொறியின் கீழே ஒரு தட்டு, சிந்தும் நீரை ஏந்துவதற்கு. பக்கத்திலே தும்போ துணியோ காகிதமோ இல்லை.

இவ்வளவும் செய்த பின்னும் விளக்கு அணைந்தால் முதல் வேலை பிளக்கைக் கழற்றுவதே. இருட்டில் ரோச் லைற்றைத் தேடுமுன் அது.

அடுத்தது பீப்பா. அரை மணி, ஒரு மணித்தியாலத்தில் மின்சாரம் வரும்போலிருந்தால் பத்து நிமிடத்துக்கொருமுறை கையால் இரண்டு சுற்று உருட்டிவிட்டாற் போதும், சேறு படியாது. நேரம் நீளுமென்று தெரிந்தாலோ உறங்கப் போவதாயிருந்தாலோ திறந்து வெறுமையாக்கிவிட வேண்டும். மூடியைத் திடீரெனத் திறத்தல் ஆகாது. அடைபட்ட பீப்பாவுக்குள் சில வேளை வாயு சேர்ந்திருக்கும். துணியைப் போர்த்தி, முகத்தை ஒருபுறம் திருப்பி, மெல்லத் தளர்த்த வேண்டும். கற்களை அரிதட்டில் வடித்து நல்ல நீரில் இட்டு வைத்தால் எத்தனை நாளும் இருக்கும். சேற்றைக் கிணற்றடிக்கோ வடிகாலுக்கோ ஊற்றலாகாது. அது எங்கே தங்கினாலும் இறுகும். கிணற்றுக்குத் தொலைவில் ஒரு குழி வெட்டி அதில் விட வேண்டும்.

மின்பிறப்பாக்கியை ஏன் பாவிக்கக்கூடாது என்று நண்பரொருவர் கேட்டார். கல்யாண வீட்டுக்குப் பாவிக்கட்டும், கல்லுக்கு வேண்டாம். மழை பெய்கிறதென்று அதை விறாந்தைக்குள் இழுத்து வைத்தால் காபனோரொட்சைட்டு வாயு அறைக்குள் நிறையும். அதற்கு மணமுமில்லை, நிறமுமில்லை. உறங்கினவர் உறங்கினபடியே போய்விடுவர். வேறு சிலர் அதன் வயரை வீட்டுப் பிளக்கிற் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் ஏற்றுகிறார்கள். மெயின் சுவிச்சை நிறுத்தாதிருந்தால் அந்த மின்சாரம் தெருக்கம்பிக்கும் போகும். மழையில் நனைந்து மரத்தை வெட்டியகற்றிக் கம்பியைத் திருத்துகிற தொழிலாளி, கம்பி செத்துக் கிடக்கிறதென்று நம்பித் தொடுவான். பற்றரியோடு இணைக்கும் இன்வேட்டர்களில் மலிவானவை தரும் மின்னலை ஒழுங்கற்றது. விளக்குக்குப் போதும், மோட்டாரைச் சூடேற்றும். எப்படிப் பார்த்தாலும் கல்லுக்கு அவசரமில்லை. 55 கோடி வருடம் காத்திருந்த பொருள் இன்னும் ஐந்து நாள் காத்திருக்கும்.

2022இல், நாடு எரிபொருளின்றித் தத்தளித்தபோது, மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் ஒருமுறைகூட என் பீப்பா இறுகியதில்லை. பத்திரிகையில் நேரம் போட்டிருக்கும். அதற்கு முன்னரே நிறுத்திக் கழுவிவிடுவேன். துன்பமாயினும் சொல்லி வரும் துன்பம் அது. மாரிகாலத்து இருட்டு அப்படியன்று. 2021 டிசெம்பர் 3ஆந் திகதியும் 2023 டிசெம்பர் 9ஆந் திகதியும் இலங்கை முழுவதும் ஒருங்கே இருண்டபோது முன்னறிவித்தவர் எவருமில்லை.

திருத்திய பொறி கார்த்திகை நடுவில் மறுபடி ஓடத் தொடங்கியது. முதற் படி முடிந்து 220 இலக்கத் தூளில் கற்கள் உருண்டுகொண்டிருந்தபோது, நவம்பர் இறுதியில், ‘டித்வா’ புயல் வந்தது. அப்புயல் நாடெங்கும் செய்த அழிவைப் பற்றி இங்கே எழுதுவது பொருந்தாது. மல்வத்து ஓயா பெருகி, மன்னார் மாவட்டத்தில் ஆற்றை அடுத்த ஊர்களெல்லாம் வெள்ளக்காடாயின. எங்கள் வீட்டுக்கு நான்கு நாள் மின்சாரம் இல்லை. முதல் மணித்தியாலத்திலேயே பீப்பாவை வெறுமையாக்கிவிட்டோம்.

இரண்டாம் நாள், வெளியே போக வழியின்றி இருந்தபோது, மருமகன் ஒரு சாக்கை மடித்து விறாந்தையில் விரித்தான். பீப்பாவைக் கல்லும் தூளும் நீருமாக நிரப்பி அதன்மேல் வைத்தான். "மாமா, நீங்கள் சொன்ன கம்பாத்துக்காரர் மாதிரி உருட்டிப் பாப்பமே" என்றான். எதிரெதிரே இருந்து காலால் உருட்டினோம். பத்து நிமிடத்தில் என் தொடை நடுங்கியது. அவன் கணக்குப் போட்டான். பொறி ஒரு கிழமையிற் செய்யும் சுற்று நாலரை இலட்சத்துக்கு மேல். நாங்கள் அன்று காலையும் மாலையும் உருட்டியது ஆயிரத்தை எட்டியிருக்காது. கட்டுப்போட்ட விரல்களை நீட்டியபடி அவன் சிரித்துக்கொண்டிருந்தான். தங்கை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்து ஒன்றும் சொல்லாமல் நின்றாள். பின்னர் அவளே என்னை எழும்பச் சொல்லிவிட்டு என் இடத்தில் அமர்ந்தாள். கருகிய இரவின் பின் அவள் அந்தப் பீப்பாவைத் தொட்டது அதுவே முதற்றடவை.

மார்கழிக் கடைசியில் கற்கள் முடிந்தன. தேன்நிறம் நான்கு, வெள்ளை ஐந்து, ஒன்று மாத்திரம் வெளிறிய ரோசா. தகரத்தில் வந்தபோது அந்த ரோசா நிறத்தை நானும் கவனிக்கவில்லை, தாயும் கவனித்திருக்கவில்லை. பொறுக்கிய ஏழு வயதுக்காரி கவனித்திருப்பாள்.

தாய் தை பிறந்த கையோடு வந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். காகிதத்தில் நான் கீறி வைத்த ஓரப் படங்களைக் காட்டினேன். எந்தக் கல் எதுவென்று அவரால் மட்டுக்கட்ட முடிந்தது. பிறகு மடியை அவிழ்த்து அந்தப் பதினோராவது கல்லை, சொரசொரப்பான புகைநிறக் கல்லை, மற்றவற்றோடு சேர்த்துத் தகரத்தில் இட்டார். எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டார். கொஞ்சம் இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போகும்படி சொன்னேன்.

வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. பேசிக்கொண்டிருக்கையில் விளக்கு இரண்டுமுறை சிமிட்டி அணைந்தது. கொட்டிலில் ஸ்ராட்டர் ‘டக்’ கென்று விடுபடும் ஓசை கேட்டது. மருமகன் செருப்பை மாட்டிக்கொண்டு பிளக்கைக் கழற்றப் போனான்.